வெற்றிலைப் பையும் சட்டமும்

பெட்டிக் கடைகளின் முன்னால் ஒரு காலத்தில் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்கும். பாபுல், மாவா என்று பல பேர்கள். பளபளக்கும் தாள், சில்லறைக் காசு விலை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன்கள்கூட வாங்கி, பல்லால் கிழித்து, வாயில் கொட்டிக்கொண்டு போனதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். 2016ஆம் ஆண்டுக்குப் பிறகு அந்தச் சரங்களைக் கடை முகப்பில் காண்பது அரிதாகிவிட்டது. தெரிந்தவர் வந்து கேட்டால் மேசை லாச்சிக்குள் இருந்து எடுத்துக் கொடுக்கிற கடையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் வெளியில் தொங்குவதில்லை.

இந்த மாற்றம் தானாக வந்ததல்ல. இதன் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் பின்னால் பல வருட வாக்குவாதம் இருக்கிறது. பாராளுமன்றத்தில் பேசினார்கள், நீதிமன்றத்தில் வழக்காடினார்கள், பத்திரிகைகளில் எழுதினார்கள். வெற்றிலையும் புகையிலையும் அன்றாடம் புழங்குகிற நமது லயங்களுக்கு மட்டும் அந்தப் பேச்சு சரியாக வந்து சேரவில்லை. ஆகவே இம்முறை இதையே பாடமாக எடுத்துக்கொள்வோம். சட்டம் என்ன சொல்கிறது, எங்கே நின்றுபோகிறது, ஏன் சிலர் ஆதரிக்கிறார்கள், ஏன் சிலர் எதிர்க்கிறார்கள், இதில் நாம் கேட்க வேண்டியது என்ன என்று பார்ப்போம்.

சட்டம் வந்த பாதை

புகையிலையைக் கட்டுப்படுத்துவதற்காக உலக சுகாதார நிறுவனம் ஓர் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. 2003 நவம்பரில் இலங்கை அதை ஏற்று உறுதி செய்தது. அந்த நிறுவனத்தின் தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் முதலில் அப்படிச் செய்த நாடு நமது நாடுதான். அதைத் தொடர்ந்து 2006இல் பாராளுமன்றம் 27ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. புகையிலை, மதுசாரம் இரண்டுக்குமாக ஒரு தேசிய அதிகார சபை அதன்படி அமைக்கப்பட்டது.

அந்தச் சட்டத்தில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. 21 வயதுக்குக் குறைந்த எவருக்கும் புகையிலைப் பொருளோ மதுசாரமோ விற்கக் கூடாது. அவற்றுக்கு விளம்பரம் செய்யக் கூடாது, இனாமாகப் பங்கிடக் கூடாது, விளையாட்டுப் போட்டிகளுக்குப் பணம் கொடுத்துப் பேர் போடக் கூடாது. மூடிய பொது இடங்களில் புகைக்கக் கூடாது. இவற்றை மீறுகிறவர்கள் மீது பொலிஸார், மதுவரி உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (நாம் பி.எச்.ஐ. ஐயா என்று சொல்பவர்) ஆகியோர் நடவடிக்கை எடுக்கலாம்.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்திக் கவனிக்க வேண்டும். பல வீடுகளில் தாத்தாவோ அப்பாயியோ, "ஓடிப் போயி ஒரு துண்டு போயில வாங்கிட்டு வாடா" என்று பேரனைக் கடைக்கு அனுப்புவது வழக்கம். பிள்ளை தனக்காக வாங்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளையின் கையில் புகையிலையைக் கொடுத்த கடைக்காரர் சட்டப்படி குற்றவாளி. அடுத்த முறை கடைக்காரர் கொடுக்க மறுத்தால் அவரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

சட்டம் என்பது வேறு, ஒழுங்குவிதி என்பது வேறு. சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றும். அதன் கீழ் அமைச்சர் ஒழுங்குவிதிகளைச் செய்து வர்த்தமானியில் வெளியிடுவார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை சிகரெட் பெட்டிப் படத்தின் கதை காட்டுகிறது. 2012இல் சுகாதார அமைச்சு, சிகரெட் பெட்டியின் பரப்பில் 80 வீதத்துக்கு நோயின் படம் போட வேண்டும் என்று ஒழுங்குவிதி வெளியிட்டது. இலங்கைப் புகையிலைக் கம்பனி நீதிமன்றத்துக்குப் போனது. தனது வியாபாரச் சின்னத்துக்கு இடமில்லாமல் போகிறது என்பது கம்பனியின் வாதங்களில் ஒன்று. 2014 மே மாதத்தில் மேன்முறையீட்டு நீதிமன்றம், படம் போடலாம், ஆனால் 50 முதல் 60 வீதம் வரையில் போதும் என்று தீர்த்தது. அத்தோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். 2015இல் பாராளுமன்றம் மூலச் சட்டத்தையே திருத்தி, 80 வீதம் என்று எழுதியது. அமைச்சர் எழுதியதை நீதிமன்றம் குறைத்தது. அதையே பாராளுமன்றம் சட்டத்துக்குள் எழுதி நிலைநிறுத்தியது. வாக்குச் சீட்டுக்கு இந்த அளவு பலம் இருக்கிறது என்பதை நமது இளைஞர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பிறகு 2016இல் வந்ததுதான் நாம் முதலில் சொன்ன தடை. புகையிலை கலந்து செய்த மெல்லும் கலவைப் பொருட்களை உற்பத்தி செய்வதும், இறக்குமதி செய்வதும், விற்பதும் தடை செய்யப்பட்டன. வாசனையும் இனிப்பும் சேர்த்த சிகரெட்டுகளும் அதே தடைக்குள் வந்தன. அதே வருடம் வரியும் ஏறியது. அதிகம் விற்பனையாகும் சிகரெட் ஒன்றின் விலை 35 ரூபாவில் இருந்து 50 ரூபாவுக்குத் தாவியது.

சட்டம் எட்டாத இடம்

இவ்வளவும் கேட்ட பிறகு நமது வெற்றிலைப் பையைத் திறந்து பார்ப்போம். உள்ளே என்ன இருக்கிறது? நாலு வெற்றிலை, ஒரு பாக்கு, ஒரு சுண்ணாம்பு டப்பி, தாளில் சுற்றிய ஒரு துண்டுப் புகையிலை. இதில் பெட்டி எங்கே? படம் எங்கே? சிகரெட் புகைக்கிற தம்பிமாரும் ஒன்று இரண்டாகத்தான் உதிரியாக வாங்குகிறார்கள். பெட்டி கடைக்காரரிடமே இருந்துவிடுகிறது. பாராளுமன்றம் வரை போய்ப் போராடி வென்ற அந்தப் படம், தொழிலாளியின் கண்ணில் படுவதே இல்லை.

பொட்டலத்தைத் தடுத்த சட்டம், கலவை செய்து அடைத்து விற்கிறதைத்தான் குறி வைத்தது. அதுவும் விற்பவரைத்தான் பிடிக்கும், மெல்பவரைப் பிடிக்காது. வீட்டில் உட்கார்ந்து வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாக்கும் புகையிலையும் வைத்து மடிக்கிற அம்மாவிடம் எந்தப் பொலிஸும் வரப்போவதில்லை. வரவும் கூடாது என்பது என் கருத்து. ஆனால் பொட்டலத்தில் இருந்த நஞ்சு அந்த மடிப்பிலும் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்பதே பதில்.

கன்னத்துக்குள் நடப்பது

வெற்றிலை என்ற இலையின் மேல் வைத்தியர்களுக்குப் பெரிய புகார் கிடையாது. கோளாறு பாக்கிலும் புகையிலையிலும் இருக்கிறது. சுண்ணாம்பு அவற்றின் சாரத்தை இன்னும் வேகமாக வெளியே இழுத்து வாயின் மென்தோலுக்குள் இறக்குகிறது. ஒரு வாய் போட்டால் அரை மணி, ஒரு மணி நேரம் ஒரே கன்னத்தில் அடக்கி வைக்கிறோம். ஒரு நாளைக்கு எட்டு வாய், பத்து வாய் என்று முப்பது வருஷம் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் கன்னம் எவ்வளவு காலம் அந்தச் சாற்றில் ஊறியிருக்கிறது!

புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச நிறுவனம் 1985இலேயே, புகையிலை சேர்த்த வெற்றிலை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று அறிவித்துவிட்டது. 2003இல் கூடிய நிபுணர்கள் ஒரு படி மேலே போனார்கள். புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும், தனிப் பாக்கும்கூடப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது அவர்கள் முடிவு. "நான் போயிலை போடுறதில்ல ஐயா, வெறும் பாக்குத்தான்" என்று ஆறுதல் அடைகிறவர்கள் இந்த இடத்தை இரண்டாம் முறை வாசிக்கவும்.

பாக்கினால் வருகிற இன்னொரு நோய் உண்டு. வாயின் உள் தோல் மெல்ல மெல்ல இறுகி நாராகிவிடும். முதலில் மிளகாய் பட்டால் எரியும். பிறகு வாய் திறப்பது குறையும். கடைசியில் ஒரு கவளம் சோறு வைக்கவே இடமிருக்காது. பாக்கை நிறுத்தினாலும் இறுகியது பழையபடி இளகாது. மேலும் இறுகாமல் தடுக்கலாம், அவ்வளவுதான். அதில் இருந்து புற்றுநோய் கிளம்பவும் இடமுண்டு.

இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் நீண்ட காலமாக முதலிடத்தில் நிற்பது வாய்ப் புற்றுநோய். சப்பிரகமுவ மாகாணத்தின் கிராமப் பகுதிகளில் 30 வயதுக்கு மேற்பட்ட ஆயிரத்துச் சொச்சம் பேரின் வாயைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. புற்றுநோயாக மாறக்கூடிய மாற்றங்கள் நூற்றுக்கு 11 பேருக்கு மேல் காணப்பட்டன. மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடமே நடந்த ஓர் ஆய்வும் 2007இல் வெளியானது. அதுவும் வெற்றிலை போடும் பழக்கத்தையே சுட்டிக்காட்டியது. பத்து வீட்டு லயம் ஒன்றில் முப்பது வயது தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அந்த நூற்றுக்கு 11 என்ற கணக்கு அங்கே யார் யாராக இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கூட்டத்தில் கேட்டவை

எமது பிரிவுகளில் இதைப் பற்றிப் பேசக் கூடிய போதெல்லாம் ஒரே பக்கமாக யாரும் தலையாட்டவில்லை. அது நல்லதே. எதிர்ப்பவர்களின் பேச்சையும் சரியாகக் கேட்க வேண்டும்.

வயதான ஒரு அம்மா எழுந்து சொன்னார்: "ஐயா, காலையில பிரட்டுக்குப் போயி, பனியில நனைஞ்சு, பத்து மணி தேத்தண்ணி வரைக்கும் வயித்துல ஒண்ணுமில்லாம கொழுந்து எடுக்கிறோம். ஒரு வாய் வெத்தல போட்டாத்தான் சூடு. பசியும் தெரியாது. அட்டை ஏறினா சுண்ணாம்பு வேணும். இத எல்லாம் சட்டம் போட்டவங்களுக்கு யாரு சொன்னா?" மண்டபத்தில் கைதட்டல். இது வெறும் பழக்க தோஷம் என்று தள்ளிவிடக் கூடிய பேச்சல்ல. பசியை அடக்க வெற்றிலை போடுகிற ஒருவருக்குப் புகையிலையின் தீமை பற்றி மட்டும் பாடம் எடுத்தால் பாதி வேலைதான் நடக்கும். காலைச் சாப்பாட்டைப் பற்றியும் பேச வேண்டும்.

கடை வைத்திருக்கும் ஒருவர் கேட்டதும் நியாயமான கேள்வி. சின்னப் பொட்டலத்தைத் தடை செய்தார்கள், சிகரெட்டைத் தடை செய்யவில்லையே, ஏன்? சிகரெட் கம்பனியின் பங்குகளில் நூற்றுக்கு 84 பங்குக்கு மேல் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ என்ற வெளிநாட்டுக் கம்பனியிடம் இருக்கிறது. அரசாங்கத்துக்குப் பெருந்தொகை வரி அங்கிருந்து வருகிறது. "பெரியவனுக்குப் படம், சின்னவனுக்குத் தடையா?" என்றார் முதலாளி. இந்தக் கேள்விக்கு முழுப் பதில் யாரிடமும் இல்லை. பிள்ளைகள் கையில் சுலபமாகப் போய்ச் சேர்வது எதுவோ அதை முதலில் நிறுத்துவது சரி என்பது என் எண்ணம். ஆனாலும் வரிப் பணத்தைப் பார்த்து ஒன்றை விட்டுவைக்கிறார்கள் என்ற சந்தேகம் மக்களுக்கு இருக்கும் வரையில் சட்டத்துக்கு மரியாதை குறையத்தான் செய்யும்.

கொழும்பில் வேலை பார்த்துத் திருவிழாவுக்கு வந்திருந்த தம்பி ஒருவர், "என் வாய், என் காசு, அரசாங்கத்துக்கு என்ன?" என்று கேட்டார். உடனே பதில் சொன்னவர் மிட்வைஃப் அம்மா. "உங்க வாய்தான் தம்பி. ஆனா அதுல புண்ணு வந்தா ஆஸ்பத்திரியில பாக்கிறது எல்லார் வரியிலயும். வீட்டுல தூக்கிப் பாக்கிறது உங்க சம்சாரம். வேலை நின்னா பட்டினி கிடக்கிறது உங்க பிள்ளைக." எனக்கு இதற்கு மேல் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. ஆயினும் பெரிய ஆள் ஒருவர் தெரிந்தே எடுக்கும் முடிவுக்கும், 14 வயதுப் பையனுக்கு இனிப்புப் போட்டு விற்பதற்கும் வித்தியாசம் உண்டு. சட்டம் முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதைப் பிடித்திருப்பது புத்தியான காரியமே.

யாழ்ப்பாணத்து விவசாயிகளைப் பற்றியும் ஒருவர் கேட்டார். அங்கே தலைமுறை தலைமுறையாகப் புகையிலை போடுகிறார்கள். சுருட்டுக்கும் போகிறது, நமது வெற்றிலைப் பைக்கும் வருகிறது. 2020க்குள் நாட்டில் புகையிலைச் செய்கையை நிறுத்தப் போவதாக அப்போதைய அரசாங்கம் அறிவித்தது. அப்படி நடக்கவில்லை. பயிரை விடு என்று சொல்வது லேசு. அதே நிலத்தில், அதே தண்ணீரில், அதே வரும்படி தரும் வேறு பயிர் எது என்று சொல்ல வேண்டாமா? தேயிலையை நம்பிப் பிழைக்கும் நமக்கு இந்தக் கவலை மற்றவர்களை விட நன்றாகப் புரியும்.

கோயில் பூசாரி ஐயாவின் கவலை வேறு. கல்யாணத்துக்குத் தாம்பூலம் வேண்டாமா, பரிசத் தட்டு வெறுந்தட்டாகப் போவதா என்றார். வெற்றிலைத் தட்டை எந்தச் சட்டமும் தொடவில்லை. தட்டில் வைத்து மரியாதை செய்வது வேறு, ஒரு நாளைக்குப் பத்து முறை மெல்லுவது வேறு. சபையில் அடுக்குகிற தட்டில் புகையிலையையும் சிகரெட்டையும் சேர்த்து வைக்கும் வழக்கம் நமது கல்யாண வீடுகளிலும் இழவு வீடுகளிலும் புகுந்திருக்கிறதே, அதை எடுத்துவிட்டால் எந்தச் சாமியும் கோபிக்காது. இதற்குப் பூசாரி ஐயாவும் சரி என்றார்.

மற்ற இடங்களில் கண்டது

தடை போட்டால் போதுமா என்ற கேள்விக்கு இந்தியாவில் ஒரு பதில் கிடைத்தது. அங்கே குட்கா என்ற பாக்குப் புகையிலைக் கலவையை 2012 முதல் ஒவ்வொரு மாநிலமாகத் தடை செய்தார்கள். வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? பாக்கு மசாலாவை ஒரு பொட்டலத்திலும் புகையிலையை இன்னொரு பொட்டலத்திலும் அடைத்துப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டார்கள். வாங்குகிறவர் இரண்டையும் கிழித்து உள்ளங்கையில் கலந்துகொள்வார். கலவைக்குத்தானே தடை? இப்படி ஓட்டை கண்டுபிடிப்பதில் வியாபாரிக்கு இருக்கும் மூளை, சட்டம் எழுதுகிறவருக்கும் இருக்க வேண்டும்.

அதே இந்தியாவில், கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில், வேறொரு வழியையும் பரீட்சித்தார்கள். 1996இல் தொடங்கினார்கள். சில பஞ்சாயத்துகளில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் மக்களின் வாயைப் பார்த்தார்கள். இவர்கள் டாக்டர்கள் இல்லை. கையில் பெரிய மெஷின் எதுவும் இல்லை; வெளிச்சமும் பழகிய கண்ணும்தான். சந்தேகமானவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். மற்ற சில பஞ்சாயத்துகளில் வழக்கம் போல விட்டுவிட்டார்கள். 2005இல் முடிவு வெளியானது. புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடையே, வாய் பார்க்கப்பட்ட ஊர்களில் வாய்ப் புற்றுநோயால் இறந்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு.

இந்த வழியில் முன்னோடி நமது நாடுதான் என்பது பலருக்குத் தெரியாது. 1980களின் தொடக்கத்தில் இலங்கையில் கிராம சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஒரே வருடத்தில் 28,000க்கும் மேற்பட்டவர்களின் வாயைப் பார்க்கச் செய்தார்கள். அவர்கள் சரியாகவே கண்டுபிடித்தார்கள். ஆனால், "வாயில் மாற்றம் இருக்கிறது, வைத்தியரிடம் போங்கள்" என்று அனுப்பப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர்தான் போனார்கள். மறுபாதி போகவில்லை. இந்தப் பாதியைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்.

வாயைப் பார்ப்பது எப்படி

இதை வீட்டிலேயே செய்யலாம். மாதம் ஒருமுறை, சம்பள நாளன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது. வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, வெளிச்சமுள்ள வாசலில் கண்ணாடியுடன் உட்காருங்கள். கண் மங்கிய பெரியவர்களுக்கு மகளோ மருமகளோ பார்க்கலாம்.

உதட்டைத் திருப்பி உள்புறம் பாருங்கள். கன்னத்தை விரலால் இழுத்து இரண்டு பக்கமும் பாருங்கள். வெற்றிலை அடக்குகிற பக்கத்தை இரண்டு தடவை பாருங்கள். நாக்கை மேலே தூக்கி அடியில் பாருங்கள். நாக்கை நீட்டி, துணியால் பிடித்து இரண்டு ஓரத்தையும் பாருங்கள். நாக்கின் ஓரமும் அடியும் பலர் பார்க்காமல் விடுகிற இடங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் துணி போன்ற சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், கட்டி, காரணமில்லாமல் ஆடுகிற பல், கழுத்தில் தட்டுப்படும் நெறி, இவற்றில் எது இருந்தாலும் காட்ட வேண்டும். பிறகு மூன்று விரலை ஒன்றின் மேல் ஒன்றாக நிமிர்த்தி வாய்க்குள் விட்டுப் பாருங்கள். போகவில்லை என்றாலும் காட்ட வேண்டும்.

மிக முக்கியமான விஷயம், வலி இருக்காது. "வலிக்கலியே ஐயா" என்று சொல்லி ஆறு மாதம் தள்ளிப்போட்ட ஒருவரை நான் அறிவேன். கன்னத்தில் சின்ன வெள்ளைத் திட்டாக இருந்தது, அவர் போன நேரத்தில் தாடையோடு வெட்ட வேண்டியதாகிவிட்டது. வலி வருவது பின்னால்தான்.

முதலில் தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டலாம். அங்கிருந்து அரசாங்க வைத்தியசாலையின் பல் டாக்டரிடம் துண்டு வாங்கிப் போகலாம். பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையிலும், பெரிய அரசாங்க வைத்தியசாலைகளின் வாய், முக சத்திர சிகிச்சைப் பிரிவுகளிலும் இதற்கென்றே வைத்தியர்கள் இருக்கிறார்கள். காசு வாங்க மாட்டார்கள். சின்னத் துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். "கத்தி பட்டால் பரவும்" என்று லயத்தில் சொல்வதைக் கேட்க வேண்டாம், அது உண்மையில்லை.

பழக்கத்தை ஒரே நாளில் விட முடியாதவர்கள் முதலில் புகையிலையை எடுத்துவிடட்டும், பிறகு பாக்கைக் குறைக்கட்டும். வாய் கேட்கிற நேரத்தில் ஒரு கிராம்போ ஏலக்காயோ சுக்குத் துண்டோ போட்டுக்கொள்ளலாம். இரவில் கன்னத்தில் அடக்கிக்கொண்டே தூங்குகிறவர்கள் அதை இன்றைக்கே நிறுத்த வேண்டும். இரவு முழுக்க ஊறுவது அந்த ஒரு வாய்தான்.

ஒரு நாள் பேர்

வைத்தியரிடம் போகாத அந்தப் பாதிப்பேரிடம் வருவோம். அவர்கள் ஏன் போகவில்லை? பயம் ஒரு காரணம். வலி இல்லாதது இன்னொன்று. தோட்டத்தில் மூன்றாவது காரணம் ஒன்று இருக்கிறது. அது கணக்கப்பிள்ளையின் செக்ரோலில் இருக்கிறது. பேராதனைக்குப் போய்வர ஒரு நாள் முழுதும் வேண்டும். அன்றைக்குப் பேர் இல்லை. பஸ் செலவு கையில் இருந்து போகும். மருமகளையும் துணைக்குக் கூட்டிப் போனால் இரண்டு பேர் போச்சு. முதல் தடவையில் துண்டு எடுப்பார்கள், முடிவுக்கு இன்னொரு தடவை வரச் சொல்வார்கள். வலிக்காத ஒரு வெள்ளைத் திட்டுக்காக இரண்டு பேருடைய இரண்டு நாள் சம்பளத்தை யார் விடுவார்கள்?

சிகரெட் பெட்டியில் எத்தனை வீதத்துக்குப் படம் போடுவது என்று இந்த நாடு மூன்று வருடம் வாதாடியது. நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மலையில் நிற்கும் பெண்ணுக்கு உண்மையில் உதவக்கூடிய இரண்டு விஷயங்கள் பற்றி யாரும் அவ்வளவு தூரம் வாதாடக் காணோம். ஒன்று, வாய்ப் பரிசோதனை மடுவத்துக்கே வர வேண்டும். கொழுந்து நிறுக்கிற நேரத்தில் ஆளுக்கு இரண்டு நிமிஷம் போதும். பயிற்சி கொடுத்தால் மிட்வைஃப் அம்மாவும் பிள்ளைக் காம்பராப் பொறுப்பாளரும் பார்ப்பார்கள். கேரளத்தில் செய்தவர்களும் அப்படிப்பட்டவர்கள்தான். இரண்டாவது, பரிசோதனையில் சந்தேகம் என்று அனுப்பப்பட்டவருக்கு வைத்தியசாலைக்குப் போகிற நாளில் பேர் போட வேண்டும். வைத்தியசாலைத் துண்டைக் காட்டினால் போதும் என்று வைத்தால் யாரும் ஏமாற்றவும் வழியில்லை.

போன முறை ஒரு பிரிவுக்குப் பல் டாக்டர்மார் வந்தபோது கொழுந்து நிறைந்த பருவம். லயத்தில் இருந்த முதியவர்கள் சிலர் காட்டினார்கள். மலையில் இருந்தவர்களில் ஒருவரும் இறங்கி வரவில்லை. ஒரு தலைவர் சொன்னார்: "டாக்டர் வந்தது நல்லதுதான் ஐயா. ஆனா அன்னைக்கு ஒரு கிலோவுக்கு மேலதிகக் காசு இருந்துச்சே."

இந்தப் பாடத்தைப் படிப்பு வட்டங்களில் வாசிக்கும்போது இந்த இரண்டு கோரிக்கைகளையும் பற்றி மாதர் சங்கமும் இளைஞர் கழகமும் தனித்தனியே பேசி, தங்கள் முடிவை எமக்கு எழுதி அனுப்பலாம். கூடாது என்று சொல்கிறவர்களின் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். எமது பிரிவில் இரண்டு தலைவர்மாரும் மிட்வைஃப் அம்மாவும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதி ஆபீஸில் கொடுத்திருக்கிறார்கள். பரிசோதனையை மடுவத்துக்குக் கொண்டுவருவதற்குத் துரை சம்மதம் சொல்லிவிட்டார். பேர் போடுகிற விஷயத்தை மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். பதில் வந்ததும் இந்தப் பக்கத்தில் அறிவிப்போம்.